அனாமத்துக் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. சமையலறையில் குக்கர் மூன்றாவது விசில் அடித்த நேரம், ஹாலில் டி.வி. இருண்டுபோனது. சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. கார்ட்டூனில் பூனை எலியைத் துரத்துவது கேட்கிறது. பூனையும் தெரியவில்லை, எலியும் தெரியவில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தேன். சம்பவ இடத்தில் மூன்று பேர். எட்டு வயது மகள், நாலு வயது மகன், ஒரு பிளாஸ்டிக் பந்து.

இதற்கு மேல் என்ன துப்பு வேண்டும்? "யாரு பந்தை அடிச்சது?" என்றேன். மகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நான் இல்லப்பா" என்றாள். சின்னவன் பந்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மறுபடி கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டபோது என் குரல் எனக்கே அதிகமாகத்தான் பட்டது.

"நான்தாம்ப்பா..." உதடு பிதுங்கச் சொன்னான் சின்னவன்.

வழக்கு முடிந்தது. ஒரு வாரத்துக்குப் பந்து பரண் மேலே என்று தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது.

பிறகு, எல்லா அப்பாக்களும் செய்வதை நானும் செய்தேன். பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் கழித்துச் செருகினேன். செட்டாப் பாக்ஸ் ஒயரைக் கழற்றி மாட்டினேன். ரிமோட் பேட்டரியை உருட்டிவிட்டேன். டி.வி-யின் முதுகில் இரண்டு தட்டு தட்டினேன். எதுவும் நடக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்தபோது என் மனைவி, "என்னங்க, முதல்ல மெக்கானிக்குக்கு போன் போடுங்க" என்றாள்.

போட்டேன். "பின்மூடியைத் தொடாதீங்க சார். பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே கண்டன்சர்ல கரன்ட் நிக்கும். சின்னப் பசங்க இருக்கிற வீடு வேற" என்றவர், "சத்தம் வருதில்ல? ரூமை இருட்டாக்கிட்டு, டார்ச்சை ஸ்கிரீன் பக்கத்துல சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க" என்றார்.

ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, செல்போன் டார்ச்சைப் பிடித்தேன். ஆவி மாதிரி மங்கலாக ஓர் எலி ஓடியது. பின்னாலேயே பூனை. "அப்பா, எலி உள்ளேதான் இருக்கு!" என்று மகள் குதித்தாள். சின்னவன் குதிக்கவில்லை. கதவோரமாகவே நின்றான்.

மாலையில் மெக்கானிக் வந்தார். "எல்.இ.டி. டி.வி-ன்னு பேருதான் சார். படம் காட்டுறது எல்.சி.டி. பேனல். அதுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னாடி பட்டை பட்டையா குட்டி எல்.இ.டி. பல்பு இருக்கும். கோயில் திருவிழா சீரியல் செட் மாதிரின்னு வெச்சுக்குங்க. ஒண்ணு புட்டுக்கிட்டா மொத்தமும் அணைஞ்சிடும். படம் ஓடிக்கிட்டேதான் இருக்கும், வெளிச்சம்தான் இருக்காது."

"பந்து பட்டதால..." என்று இழுத்தேன்.

"பந்து பட்டு பேனல் உடைஞ்சா சிலந்தி வலை மாதிரி விரிசல் விடும், மை கொட்டின மாதிரி கறை தெரியும். இங்க ஒரு கீறல்கூட இல்லையே சார்!"

டி.வி-யைப் போர்வையில் சுற்றி எடுத்துப் போனார். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பட்டைகள் வாங்கி, ஒன்று விடாமல் மாற்றி, புதன்கிழமை கொண்டுவந்து மாட்டினார். கூலியோடு 2,800 ரூபாய். படம் வந்ததும் செட்டிங்ஸைத் திறந்தவர் திரும்பிப் பார்த்தார். "பேக்லைட்டை நூறுல வெச்சிருக்கீங்க. சூடு ஏறி ஏறியே பல்போட ஆயுசு குறைஞ்சிடும். அறுபது போதும். யார் சார் இப்படி வெச்சது?"

பால்கனி வெயிலில் கிரிக்கெட் சரியாகத் தெரியவில்லை என்று வைத்தவன் நான்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அன்று இரவு சின்னவனிடம் கேட்டேன். "நீ உடைக்கலைன்னு உனக்குத் தெரியும்ல? அப்புறம் ஏன்டா நான்தான்னு சொன்னே?"

"நீ கத்தினேல்ல... சொன்னா நிறுத்திடுவேன்னு சொன்னேன்."

'குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்று எத்தனை செய்தி எழுதியிருப்பேன்! போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்றது 1872-ம் வருடத்து சாட்சியச் சட்டம். 2024 ஜூலையில் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமும் அதையேதான் சொல்கிறது. பயந்தவன் எதை வேண்டுமானாலும் ஒப்புக்கொள்வான் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாலு வயதுப் பிள்ளையை மூன்று தடவை அதட்டிக் கேட்ட எனக்குத் தெரியவில்லை.

நான் பி.காம். படித்தவன். இருப்புச் சோதனையில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால், வித்தியாசத்தை 'அனாமத்துக் கணக்கு' என்று தனியாக எழுதிவைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். தப்பு எங்கே என்று தெரிகிற வரை அது அங்கேயே இருக்கும். அவசரப்பட்டு யாரோ ஒருவர் பெயரில் பற்று எழுதினால் ஏடு பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தப்பு உள்ளேயே உட்கார்ந்திருக்கும். பரீட்சையில் இதற்கு மார்க் வாங்கியவன்தான் நான். குழந்தைகள் இருக்கும் வீட்டில் டம்ளர் உடையும், ரிமோட் காணாமல் போகும், டி.வி. இருளும். அப்போதெல்லாம் வித்தியாசத்தை எழுத நமக்குக் கைக்கு எட்டுகிற தூரத்தில், நம்மைவிட உயரம் குறைந்த ஒரு பெயர் இருந்துவிடுகிறது. அதுதான் பிரச்னை.

பரணிலிருந்து பந்தை இறக்கி அவனிடம் கொடுத்தேன். "அப்பா பண்ணினதுதான் தப்பு. ஸாரிடா" என்றேன்.

பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு ரகசியமாகச் சொன்னான்.

"நீ டி.வி-யை ரெண்டு அடி அடிச்சேல்ல... நான் பார்த்தேன். யார்கிட்டயும் சொல்லலை."