மாரத்தானுக்குன்னு கிளம்பி பேட்மிண்டன் கோர்ட்டில் நிற்பவர்களுக்கு

"டாக்டர், ஜனவரியில சென்னைல மாரத்தான் ஓடப்போறேன்னு செப்டம்பர்ல எழுதுனீங்க. இப்போ பார்த்தா பேட்மிண்டன், நீச்சல்னு போட்டோ வருது. ஓட்டம் என்னாச்சு?"

இன்பாக்ஸில் இதைக் கேட்டவர்கள் நிறைய பேர். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்றதுக்கு மொத்தமா இங்கேயே எழுதிடறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

16 வாரத் திட்டம். வாரத்துக்கு 4 நாள் ஓட்டம், ஞாயிறு மட்டும் நீண்ட ஓட்டம். முதல் 5 வாரம் நல்லாவே போச்சு. 14 கி.மீ. வரைக்கும் வந்தாச்சு.

அப்புறம் வடகிழக்குப் பருவமழை. மழை வந்தா எங்க ஊர்ல ரோடு மட்டும் நிறையாது, எங்க ஆஸ்பத்திரி காய்ச்சல் வார்டும் நிறையும். நைட் டூட்டி முடிச்சிட்டு காலை இருட்டுல, தண்ணிக்கு அடியில பள்ளமா மேடான்னு தெரியாத ரோட்டுல ஓடறது, விபத்துக் கேஸ் தைக்கிற ஆளு செய்யற வேலை இல்லை. "சார், உள்ளரங்க கோர்ட் இருக்கு, சாயங்காலம் வாங்க"ன்னு எங்க பார்மசிஸ்ட் அண்ணன் கூப்பிட்டார். போனேன். அங்கிருந்து ஜிம், ஞாயிறுகள்ல நீச்சல் குளம். ஒரு வாரம் திட்டத்துல 45 கி.மீ. போட்டிருந்தது, நான் ஓடியது 9.

இதை "சோம்பேறித்தனம்", "கவனச் சிதறல்"னு சொல்றவங்களோட எனக்கு உடன்பாடு இல்லை. நான் ஓட ஆரம்பிச்சதே மெடலுக்காக இல்லை. எங்க அப்பாவுக்கு 52 வயசுல ஸ்டென்ட் வெச்சோம். ஆகஸ்ட்ல எனக்கு எச்பிஏ1சி பார்த்தப்போ 6.1. 5.7லிருந்து 6.4 வரைக்கும் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. வீட்ல யார்கிட்டயும் சொல்லாம ஷூ வாங்கினேன். போன வாரம் திரும்பப் பார்த்தேன், 5.8. இந்த டெஸ்ட் கடைசி மூணு மாசத்துக் கணக்கைக் காட்டும். அந்த மூணு மாசத்துல பாதி நாள் நான் ஓடவே இல்லை. ஆனா உடம்பு சும்மாவும் இல்லை. தொடைத் தசை வேலை செஞ்சா ரத்தத்துல இருக்கற குளுக்கோஸை இழுத்துக்கும். அது ஓடுதா, ஷட்டில் அடிக்குதா, எடை தூக்குதான்னு கணையம் கேட்கிறதில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்றதும் வாரத்துக்கு 150லிருந்து 300 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி, கூடவே 2 நாள் தசைப் பயிற்சி. அதுல மாரத்தான்னு ஒரு வார்த்தை கிடையாது.

சரி, அப்போ பேட்மிண்டனே ஆடி 42 கி.மீ. ஓடிடலாமா?

அங்கதான் சிக்கல். இதைத்தான் முக்கியமா சொல்ல வந்தேன்.

எந்த விளையாட்டு ஆடினாலும் இதயமும் நுரையீரலும் சீக்கிரம் பழகிடும். ரத்தத்தோட பிளாஸ்மா அளவு ஒண்ணு ரெண்டு வாரத்துலயே கூடும். தசைக்கும் சில வாரம் போதும். ஆனா எலும்பும் தசைநாரும் அரசாங்க ஃபைல் மாதிரி, மெதுவாத்தான் நகரும். புது சுமை வந்தா எலும்பு முதல்ல பழைய பகுதியை அரிச்சு எடுக்கும், அப்புறம்தான் புதுசா கட்டும். எடுக்க சில வாரம், கட்ட சில மாசம். அந்த இடைவெளியில எலும்பு முன்ன இருந்ததை விட பலவீனமா இருக்கும். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல 2லிருந்து 3 மடங்கு விசை காலில் இறங்குது. முழு மாரத்தான்ல சுமார் 40,000 அடி. நீச்சல்ல அந்த விசை சுத்தமா இல்லை.

அதாவது, நீச்சலும் சைக்கிளும் உங்க எஞ்சினைப் பெருசாக்கி வெச்சிருக்கும். சேசிஸ் பழையதுதான். மூச்சு வாங்காததால கால் தாங்குதான்னு உங்களுக்குத் தெரியாது.

எங்க ஆஸ்பத்திரிக்கு வர்ற ஆம்புலன்ஸ் டிரைவர் தம்பி ஒருத்தர், 27 வயசு, என்கூடவே பயிற்சி ஆரம்பிச்சவர். மழையில அவரும் சைக்கிள், நீச்சல்னு மாறினார். நல்ல ஸ்டாமினா. நவம்பர்ல ஒரு நாள் வெயில் அடிச்சது, திட்டத்துல அந்த வாரம் போட்டிருந்த 24 கி.மீ.யை அப்படியே ஓடிட்டார். மூச்சே வாங்கலையாம். ரெண்டு வாரம் கழிச்சு, "சார், முழங்காலுக்குக் கீழ ஒரே இடத்துல வலிக்குது, ராத்திரியும் வலிக்குது"ன்னு வந்தார். விரல் நுனி வெச்ச இடத்துல துள்ளினார். எக்ஸ்ரே நார்மல். இந்த வகை எலும்பு விரிசல் ஆரம்ப வாரங்கள்ல எக்ஸ்ரேல தெரியாமப் போறது சகஜம். மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பி எம்ஆர்ஐ எடுத்தோம். கணுக்கால் மேல உள்ள பெரிய எலும்புல ஸ்ட்ரெஸ் ஃபிராக்ச்சர். குறைஞ்சது 6 வாரம் ஓட்டமே கூடாது.

இன்னொரு கணக்கு. ஓடறதுக்கு ஒரு கிலோ எடைக்கு, ஒரு கி.மீ.க்கு சுமார் 1 கலோரி. 70 கிலோ ஆளுக்கு 42 கி.மீ. முடிக்க ஏறக்குறைய 2,950 கலோரி. உடம்புல கிளைக்கோஜனா சேர்ந்திருக்கறது தோராயமா 2,000. அதனாலதான் 30 கி.மீ. தாண்டினதும் பலருக்கு திடீர்னு கால் நகராது. கொழுப்பை எரிச்சு ஓடவும், ஓடிக்கிட்டே குடலுக்குச் சாப்பாடு கொடுக்கவும் நீண்ட ஓட்டத்துலதான் உடம்பு கத்துக்கும். 40 நிமிஷ பேட்மிண்டன்ல இது வராது. (பேட்மிண்டனும் பூப்போல மெத்துனு இருக்கும்னு நினைக்காதீங்க. முப்பது வயசுக்கு மேல திடீர்னு பாய்ஞ்சு குதிகால் தசைநார் அறுந்து வர்றவங்களை நான் பார்த்திருக்கேன்.)

இன்னும் 5 வாரம் இருக்கு. என் நீண்ட ஓட்டம் 14லேயே நிக்குது. 42க்கு இது போதாது. அதனால ஜனவரியில நான் ஓடப்போறது அரை மாரத்தான், 21.1 கி.மீ. வாரம் 2 நாள் ஷட்டில் தொடரும், அதை விடற மாதிரி இல்லை.

உங்க நிலைமையும் இதுதான்னா, நான் நோயாளிகளுக்குச் சொல்றதையே சொல்றேன். ஓட்டம் விட்டு நாலஞ்சு வாரம் ஆச்சுன்னா, திட்டம் இன்னிக்கு எந்த வாரத்துல இருக்குன்னு பார்க்காதீங்க; கடைசியா வலியில்லாம ஓடின தூரத்துல பாதியிலிருந்து ஆரம்பிங்க. மத்த விளையாட்டை ஓய்வு நாள்ல திணிக்காதீங்க. கீழ்க்கால்ல பரவலா வலிச்சா சில நாள் ஓய்வு கொடுத்துப் பார்க்கலாம். ஒரே புள்ளியில வலிச்சாலோ, நொண்ட வெச்சாலோ, படுத்திருக்கும்போதும் வலிச்சாலோ, எக்ஸ்ரே நார்மல்னு யாராவது சொன்னாலும் ஓடாதீங்க. பக்கத்து அரசு மருத்துவமனையில எலும்பு மருத்துவர் ஓபி நாளைக் கேட்டுட்டுப் போங்க.

தம்பிக்கு இப்போ மூணாவது வாரம். "சார், நீச்சலாவது அடிக்கலாமா?"ன்னு நேத்து கேட்டார். நடக்கும்போது வலி இல்லைன்னா கையால மட்டும் அடிங்க, சுவத்தைக் காலால உதைச்சுத் திரும்பாதீங்கன்னு சொல்லியிருக்கேன்.