கிராணி பேசுறேன்

மலேசியாவில் முன்பின் தெரியாத ஒருவர் போனில் குழைந்து பேசினால் முதலில் எழும் சந்தேகம் ‘மக்காவ் ஸ்கேம்’. போலீஸ் என்பான், பேங்க் என்பான், பார்சலில் கஞ்சா என்பான். சேமிப்பைக் கரைத்துவிட்டுத்தான் போனை வைப்பான். ஏமாந்தவர்கள் உடனே கூப்பிட 2022-இல் 997 என்று தனி எண்ணே திறந்தார்கள். இப்படிப்பட்ட நாட்டில்தான் போன் வழியாக நாடகம் நடிக்கக் கற்றுக்கொண்டேன். பகலில் மூவார் மரச்சாமான் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரியில் கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர் வேஷம்.

கற்றுக்கொடுத்தவர் கோலாலம்பூரில் இருக்கும் ஓர் அக்கா, வானொலி நாடகங்களில் நடித்தவர். பாடமும் போனிலேயேதான். மோசடிக்காரன் எப்படிப் பேசுகிறான் என்று முதலில் கவனிக்கச் சொன்னார். “அவனுக்கும் குரல்தான் மூலதனம். ஆனா அவசரப்படுத்துவான், போனை வைக்க விடமாட்டான். நீ அதுக்கு நேரெதிரா செய்யி, தம்பி.” அதனால் எங்கள் முதல் வசனமே, “பிடிக்கலன்னா எப்ப வேணும்னாலும் வச்சிடலாம்” என்பதுதான். நேரம் பேசி வைத்துக்கொண்டுதான் கூப்பிடுவோம். ஒரு காட்சிக்கு ஒரே ஆள்.

கதை இதுதான்: மூடிப்போன ரப்பர் தோட்டத்தின் கிராணி நான். வேலைக்கு வந்தவர்கள் பேரை எழுதும் பெரட்டுப் புத்தகம் தொலைந்துவிட்டது. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் யார் யார் இருந்தார்கள் என்று எதிர்முனையில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். தோட்டத்தையே பார்க்காத பிள்ளைகள் பாட்டி பேரைச் சொல்வார்கள், இல்லாவிட்டால் இட்டுக்கட்டுவார்கள். இரண்டையும் எழுதிக்கொள்வேன்.

என் குரல் கட்டை. மேடையில் அதற்கு மவுசு உண்டு, போனில் கிடையாது. பழைய டெலிபோன் இணைப்பு ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். ஆண்குரலின் அடிநாதம் அதற்கும் கீழே இருப்பதால் கம்பீரமெல்லாம் வழியிலேயே கழன்றுவிடும். மேலே ‘ஸ’, ‘ஷ’வின் சீறலும் மழுங்கிப்போகும். மிஞ்சுவது உச்சரிப்பும் மூச்சும்தான். பென்சிலால் எழுதும் சத்தம் கேட்டால் நன்றாக இருக்கும் என்று போனைத் தாளை ஒட்டி வைத்துப் பார்த்தோம். கைப்பேசி அதை இரைச்சல் என்று வெட்டிவிட்டது. நிஜமாகவே எழுது, எழுதுகிற வேகத்துக்கே பேரைச் சொல்லு என்றார் அக்கா. “முனி... யம்... மா.” அந்த இழுவைக்குள்தான் அவர்களுக்கு அடுத்த பேர் ஞாபகத்துக்கு வருகிறது.

அப்புறம், உம் கொட்டுவது. முகம் பார்க்காத நடிகனுக்குக் கிடைப்பதெல்லாம் அதுதான். சாமான் கழுவிக்கொண்டே கொட்டும் உம் வேறு, அழுகையை விழுங்கிக்கொண்டு வரும் உம் வேறு. எந்த உம்முக்கு நான் வாயை மூட வேண்டும் என்று பழகத்தான் நாள் பிடித்தது.

இந்தக் கலையில் எனக்குப் பிடித்த முன்னோடிகள் கொல்கத்தா கால் சென்டர் ஊழியர்கள். ஜெர்மனியின் ரிமினி புரோட்டகோல் குழு 2005-இல் ‘கால் கட்டா’ என்று ஒன்று செய்தது. பெர்லினில் கைப்பேசியோடு நடப்பவரை, கொல்கத்தாவிலிருந்து ஒரு குரல் தெருத்தெருவாகக் கூட்டிப்போகும். வழியில் சுபாஷ் சந்திர போஸ் பெர்லினில் இருந்த கதையும் வரும். அதே போஸ் 1943-இல் இந்தப் பக்கம் வந்தபோது மலாயா தோட்டத் தமிழர்கள் அவர் படையில் சேர்ந்தார்கள். எனக்குப் பேர் சொல்லும் பெரியவர்கள் சிலர் தாங்களாகவே அந்தக் கதைக்குள் போய்விடுவார்கள். 2008-இல் அதே குழு பார்வையாளரை ஓர் அறையில் உட்காரவைத்தது. கொல்கத்தாக்காரர் பேசிக்கொண்டிருக்கும்போதே அறையிலிருக்கும் கெட்டில் தானாகக் கொதிக்கும். “வித்தை காட்டுறாங்க” என்பார் அக்கா. எனக்கு அந்தக் கெட்டில் பிடிக்கும்.

தங்காக் பக்கத்து ஐயா ஒருவர் பேர் சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் நிறுத்தினார். “கிராணி, எங்கப்பாவுக்கு ரெண்டு நாள் பேர் போடாம விட்டீங்களே, அந்தச் சம்பளம் எங்கே?” வசனத்தில் இதற்குப் பதில் இல்லை. “எந்த மாசம், ஐயா?” என்றேன். மிச்ச நேரம் முழுக்க அவரே பேசினார், நான் எழுதினேன்.

அந்தக் கேள்வியை நாடகத்திலேயே சேர்த்துவிடலாமா என்று அக்காவிடம் கேட்டேன். கூடாது, அது அவர் கேட்டது என்றார். எனக்கு அதில் இன்னும் சம்மதமில்லை.