பச்சை உள்ள இடம் வரை

எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு வருவோர், சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகுக் கொடிகளையும் பலா மரங்களையும் கண்டு மகிழ்வர். குண்டனி நாட்டில் எனது இல்லத்து முற்றத்திலோ, சீன நாட்டைத் தாயகமாகக் கொண்ட தூஜாவின் குள்ள வகையொன்று தொட்டியில் நிற்கிறது.

குள்ள ஊசியிலை மரங்கள் பெரும்பாலும் பெருமரங்களின் பிள்ளைகளே. விதையிலிருந்து எப்போதாவது மாறுபட்ட நாற்று ஒன்று தோன்றும். அதன் தண்டை வெட்டி நட்டுப் பெருக்குவார்கள். 1904ஆம் ஆண்டு கனடாவின் ராக்கி மலையில் ரேடர், ஜாக் என்னும் தாவரவியலார் இருவர் கண்டெடுத்த ஸ்புரூஸ் நாற்றுகளின் வழித்தோன்றல்கள், இன்று பல நாடுகளில் தொட்டிகளை அழகு செய்கின்றன. குள்ளம் என்றால் வளராதது என்று பொருளன்று. மெதுவாக வளர்வது என்றே பொருள்.

இதை அறியாத நான், செடி தொட்டியை மீறிப் பருத்தபோது, செம்பருத்தியைக் கழிப்பதுபோல் ஒரு பக்கத்தை உட்கட்டை வரை வெட்டிவிட்டேன். செம்பருத்தி துளிர்க்கும். தூஜாவோ, இலையற்ற பழங்கட்டையில் வெட்டினால் பெரும்பாலும் துளிர்ப்பதில்லை. பச்சை உள்ள இடத்திற்குள்ளேயே நுனிகளைச் சிறிது சிறிதாகக் கத்தரிக்க வேண்டும். வேர் நெருங்கினால் சற்றே பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும். வெட்டிய பக்கம் இன்றளவும் மொட்டையாகவே இருக்கிறது.

அதே ஆண்டு, பாடற்குழுவின் இளைஞன் ஒருவனைத் திருப்பலிக்குப் பின் பலர் நடுவே கண்டித்தேன். தவறு அவனுடையது, அளவு மீறியது என் நாவு. அதன்பின் அவன் ஆலயப் படி ஏறவில்லை. பிழைப்புத் தேடி மலையை விட்டு இறங்கிவிட்டான். திருத்தும் அதிகாரம் எனக்கு இருந்தது உண்மை. எதுவரை என்று எண்ணிப் பார்க்கும் பொறுமைதான் இல்லை.

மொட்டைப் பக்கத்தைச் சுவரோரம் திருப்பி மறைத்து வைத்திருந்தேன். சில வாரங்களுக்கு முன் தொட்டியை முற்றத்தின் நடுவே நகர்த்தினேன். எல்லாப் பக்கமும் வெயில் படட்டும்; என் பிழையும் என் கண்ணில் படட்டும்.

சென்ற ஞாயிறன்று அவனுடைய தாயாரிடம், "தம்பி எப்படியம்மா இருக்கிறான்?" என்றேன்.

"இருக்கிறான் சாமி. உங்களைப் பற்றித்தான் ஒன்றும் பேசமாட்டான்" என்றார்.

அவனது முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டு எழுதும் கடிதத்தில் அறிவுரை ஒன்றும் இராது. இன்னும் எங்கேனும் பச்சை இருக்கும் என்று நம்புகிறேன்.