புகைக்கென்று ஒரு சட்டை

ஸ்மோக்கிங் ஜாக்கெட் என்ற பெயர் நம் பக்கத்தில் அதிகம் புழங்கியதில்லை. ஆனால் அதன் சாயலைப் பார்க்காதவர்கள் குறைவு. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பங்களா முதலாளி மாடிப்படி இறங்கி வருவாரே, பளபளக்கும் அங்கி, இடுப்பில் கயிறு, வாயில் பைப்! அந்த அங்கியை இடுப்புக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, வெல்வெட்டில் தைத்து, கழுத்துப் பட்டியைப் பட்டில் வைத்தால் ஸ்மோக்கிங் ஜாக்கெட். சினிமா அதைப் பணத்தின் அடையாளமாகக் காட்டியது. அது பிறந்த காரணம் வேறு. இந்தக் காரணம்தான் எனக்குப் பிடித்தது.

1850களில் நடந்த கிரிமியப் போர் துருக்கிப் புகையிலையின் பழக்கத்தை இங்கிலாந்தில் பெருக்கியது. சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் தனி அறைக்குப் போய்ப் புகைப்பார்கள். புகையின் வாடை துணியில் ஏறிக்கொண்டு லேசில் போகாது. திரும்பி வந்து கூடத்தில் உட்கார்ந்தால் மற்றவர்களுக்கு முகம் சுளிக்கும். அதற்காகத்தான் புகைக்கென்றே ஒரு மேல்சட்டை. வாடையையும் சாம்பலையும் அது வாங்கிக்கொள்ளும். உள்ளே இருக்கும் உடை தப்பிக்கும். தலைமுடியில் வாடை ஏறாமல் இருக்கக் குஞ்சம் வைத்த தொப்பியும் உண்டு. புகைக்கும் அறைக்குள் நுழையும்போது மாலைக் கோட்டைக் கழற்றி இதைப் போடவேண்டும். பெண்கள் இருக்கும் கூடத்துக்குத் திரும்புமுன் இதைக் கழற்றிவிட வேண்டும். வீட்டுக்குள் போடுவது, தெருவுக்கு ஆகாது. நெருங்கிய நண்பர் வீடு என்றால் மட்டும் விலக்கு. மரியாதையின் விதி முழுவதும் கழற்றுவதில்தான் இருந்தது.

அந்த உடையின் பூர்வீகம் நம் கடற்கரையைத் தொடுகிறது. பதினேழாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியக் கனவான்கள் வீட்டில் தளர்வான கீழைநாட்டு அங்கி அணியத் தொடங்கிவிட்டார்கள். 1666-ல் லண்டன் நாட்குறிப்பாளர் சாமுவேல் பெப்பிஸ் தன்னை ஓவியம் வரையச் சொன்னபோது, வாடகைக்கு எடுத்த ‘இந்திய அங்கி’ ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்த ஓவியம் இன்றும் லண்டனில் இருக்கிறது. அப்படிப்பட்ட அங்கிகளுக்கு வேண்டிய பூத்துணி சோழமண்டலக் கரையிலிருந்தும் கப்பலேறியது. பழவேற்காட்டிலும் மசூலிப்பட்டினத்திலும் டச்சுக்காரர்கள் கிடங்கு போட்டுக் காத்திருந்தது இதற்காகவும்தான். சாயவேரின் சிவப்பு எத்தனை வெளுப்புக்கும் அசையாது. அந்தச் சிவப்பைத் துணியில் ஏற்றிய கைகளின் பெயர் எந்த ஓவியத்தின் கீழும் இல்லை.

பிற்பாடு ஜாக்கெட் தன் வேலையை மறந்து அந்தஸ்தாகிவிட்டது. 1865-ல் வேல்ஸ் இளவரசர் எட்வர்ட், ஹென்றி பூல் தையற்கடையில் வால் இல்லாத குட்டை நீலக் கோட்டு ஒன்று தைத்துக்கொண்டார். சிகரெட் வாடையே ஆகாத விக்டோரியா ராணியின் மகன் அவர். அதிலிருந்துதான் இன்றைய விருந்துக் கோட்டு வந்தது என்பார்கள். நூறு வருஷம் கழித்து, 1966-ல் பாரிஸில் ஆடை வடிவமைப்பாளர் இவ் சென் லோரான் அதைப் பெண்களுக்குத் தைத்தார். அதற்குள் புகைக்கும் அறையோடு இருந்த உறவு அறுந்துபோயிருந்தது.

நான் இதை எழுதுவது வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து. ஆட்சியர் அலுவலகமும் ஹவுசிங் போர்டு குடியிருப்புகளும் நெடுஞ்சாலையும் உள்ள பகுதி. இங்கிருந்து குடியாத்தம், பேரணாம்பட்டு வரைக்கும் புகையிலையோடு பிழைக்கும் வீடுகள் நிறைய. புகைக்கிறவர்களைச் சொல்லவில்லை, பீடி சுற்றுகிறவர்களைச் சொல்கிறேன்.

பீடி சுற்றும் அக்கா ஒருவரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஊறவைத்த இலையைத் தகட்டு அச்சு வைத்துக் கத்தரிப்பார். மடியில் முறம், முறத்தின் ஒரு மூலையில் வெட்டிய இலை, இன்னொரு மூலையில் தூள். ஒரு சிட்டிகைத் தூளை இலையில் நீளவாக்கில் பரப்பி, இரண்டு கைப் பெருவிரல்களாலும் உருட்டி, அகன்ற முனையை மடக்கி உள்ளே குத்தி, நூலால் ஒரு முடிச்சு. பேச்சு நிற்காது, கையும் நிற்காது. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. அந்தத் தூள் புடவை மடிப்பில், வளையல் இடுக்கில், நெற்றி வியர்வையில் எல்லாம் ஒட்டியிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்த எனக்கே தும்மல் வந்தது. நடுவில் பேரக்குழந்தை தவழ்ந்து வந்து மடியைப் பிடித்தது. அவர் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, “இரு கண்ணு, கை கழுவிக்கினு வரேன்” என்றார். முறத்தை ஓரமாகத் தள்ளி, புழக்கடைக்குப் போய் முழங்கை வரை தேய்த்துக் கழுவி, முந்தானையை உதறி, தோளில் ஒரு வெளுத்த துண்டைப் போட்டுக்கொண்டு வந்துதான் குழந்தையைத் தூக்கினார்.

லண்டன் கனவான் வெல்வெட்டைக் கழற்றிவிட்டுக் கூடத்துக்குள் போனதும், இவர் துண்டைப் போட்டுக்கொண்டு குழந்தையைத் தூக்கியதும் ஒரே மரியாதை. தன்மேல் ஒட்டியது அடுத்தவர்மேல் படக்கூடாது. ஒன்றே ஒன்று வித்தியாசம்: அவர் தன் இன்பத்துக்காகப் புகைத்தவர். இவர் ஒரு பீடியைக்கூடப் பற்றவைத்தவரில்லை.

தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் கூடத்தில், வேலை செய்கிறவர்களிடமும் இதே மரியாதையைக் காணலாம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையில் நீளும் தொழில் இது. பச்சைத் தோல், சுண்ணாம்புக் குழி, சதை வழித்தல், இவை ஏற்படுத்தும் வாடை வேறு எதோடும் சேராது. வேலைக்கென்று ஒரு சட்டை, ஒரு லுங்கி. அவை வீட்டுக்குள் வருவதில்லை. வெளியிலேயே கொடியில் தொங்கும். குளித்து மாற்றிக்கொண்ட பிறகுதான் வாசற்படி. இவ்வளவு கவனமாக இருந்தும், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர் எழுந்து போய்விடுவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். எழுந்து போகிறவரின் காலில் கிடக்கும் செருப்பு அவர்கள் பதப்படுத்திய தோலாக இருக்கலாம். இது எனக்கு ஆறாத வருத்தம்.

உடை மரியாதை என்ற பேச்சு வரும்போது, வேலூர்க்காரர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வராமல் போகாது. 1805 நவம்பரில் மதராஸ் படைத் தளபதி ஜான் கிரடாக்கின் காலத்தில் சிப்பாய்களுக்கு வந்த உத்தரவுகள்: நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி வைக்கக்கூடாது, தொப்பி மாதிரியான புதுத் தலைப்பாகை கட்டவேண்டும். அந்தத் தலைப்பாகையில் தோலாலான ஒரு குச்சமும் இருந்தது. எந்த மிருகத்தின் தோலோ என்ற சந்தேகம் இந்துவுக்கும் இருந்தது, முஸ்லிமுக்கும் இருந்தது. மறுத்துப் பேசிய சிப்பாய்களுக்குச் சவுக்கடி. 1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்களின் துப்பாக்கி வெடித்தது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றே அடக்கினார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டார்கள். வேலூர் மக்கான் பகுதியில் நிற்கும் நினைவுத்தூண் அவர்களுக்காகத்தான். கலகத்துக்கு வேறு காரணங்களும் உண்டு, திப்புவின் பிள்ளைகள் கோட்டைக்குள் காவலில் இருந்ததும் சேர்த்து. ஆனாலும் தீ பற்றியது தலைப்பாகையில்.

உடையைச் சொல்லி நிறுத்துவது அதோடு முடியவில்லை. 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்க கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டுக்கு வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமன் வாசலிலேயே நிறுத்தப்பட்டார். அடுத்த மாதமே வேட்டியைத் தடுப்பது குற்றம் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஓராண்டுவரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அந்தச் சட்டம் எனக்கு நிறைவைத் தந்தது. எதிரில் இருப்பவனின் சௌகரியத்துக்காக நானே ஒரு சட்டையைக் கழற்றினால் அது மரியாதை. உன் சட்டை சரியில்லை, வெளியே நில் என்றால் அது அதிகாரம். கிளப்காரர்களும் கிரடாக்கும் இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதன் பெயரைச் சொன்னார்கள்.

முதலாவதைச் சரியாகச் செய்கிறவர்களுக்கு நாம் என்ன கொடுத்திருக்கிறோம்? பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்று 1966-ல் ஒரு சட்டம் வந்தது. புகையிலை கலக்கும், சலிக்கும் தொழிற்கூடங்களில் கைகால் கழுவ வசதி இருக்கவேண்டும் என்று அதில் எழுதினார்கள். நல்ல விஷயம். ஆனால் நம் பக்கத்தில் பீடி சுற்றப்படுவது பெரும்பாலும் வீட்டுத் திண்ணையில், சமையல் அடுப்புக்கும் குழந்தையின் தூளிக்கும் நடுவில். இலையையும் தூளையும் எடைபோட்டுக் கொடுத்தனுப்பும் கம்பெனிகள், அவற்றோடு கழுத்திலிருந்து முழங்கால் வரை மூடும் ஒரு பருத்தி மேலங்கியும் மூக்குக்கு ஒரு துணியும் கொடுக்கலாம். வருஷத்துக்கு இரண்டு கொடுத்தால் போதும். ஒன்றைத் துவைத்துக் காயவைக்கும்போது இன்னொன்றைப் போட்டுக்கொள்வார்கள். பின்பக்கம் முடிச்சுப் போடுகிற மாதிரி தைத்தால், குழந்தை அழும்போது ஒரே இழுப்பில் கழற்றிவிடலாம்.