கான்பராவில் ஒரு நன்றித் தூண்

"அதோ பாருங்கள், சாமி, முயல்!" என்றான் வண்டியோட்டிய இளைஞன். நம் பங்கிலிருந்து சென்று, ஆஸ்திரேலியத் தலைநகராகிய கான்பராவில் பணியாற்றுபவன் அவன். சுட்டிய திசையில் 70 மீட்டருக்கும் மேலான எண்கோணத் தூண் ஒன்று நின்றது. உச்சியில் ஓர் உருண்டை. அதன்மேல் இறக்கைகளை நேரே உயர்த்திய பறவை. தொலைவிலிருந்து நோக்கினால் அவ்விறக்கைகள் மெய்யாகவே முயலின் காதுகள்தாம். அணுகிய பின்னரே அஃது அமெரிக்கக் கழுகு எனப் புலனாயிற்று. ஊராரின் கேலியில் குறையொன்றும் காணேன். நாள்தோறும் கண்ணில் படுவதைத்தானே மனிதர் கேலி செய்வர்!

பசிபிக் போரில், 1941 முதல் 1945 வரை, அமெரிக்கா அளித்த உதவிக்கு ஆஸ்திரேலியர் செலுத்திய நன்றி இது. பொதுமக்களிடம் நிதி திரட்டி எழுப்பினர். பாதுகாப்புத் துறை அலுவலகங்களின் நடுவே நிற்கிறது. 1954 பிப்ரவரி 16 அன்று இரண்டாம் எலிசபெத் அரசியார் திறந்துவைத்தார்.

அந்நாளுக்கு முந்திய நாள் என் நினைவில் தைத்தது. 1942 பிப்ரவரி 15 அன்றுதான் சிங்கப்பூர் வீழ்ந்தது. பிரிட்டனின் அசையாக் கோட்டை என்று நம்பியிருந்த நகர் அது. ஏறத்தாழ 15,000 ஆஸ்திரேலிய வீரர் அங்கே சிறைப்பட்டனர். நான்கே நாளில் ஜப்பானிய விமானங்கள் டார்வின் நகரின்மேல் குண்டு பொழிந்தன. 230-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். துறைமுகத்தில் மூழ்கிய அமெரிக்கப் போர்க்கப்பல் 'பியரி'யோடு மட்டும் எண்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் மடிந்தனர்.

இந்த ஆபத்தைப் பிரதமர் ஜான் கர்ட்டின் முன்னரே உணர்ந்திருந்தார். 1941 டிசம்பர் 27-இல் வெளிவந்த கட்டுரையில், தம் நாடு இனி அமெரிக்காவையே நோக்கி நிற்கிறது என ஒளிவுமறைவின்றி எழுதினார். பிரிட்டனைத் தாயகம் எனப் போற்றிவந்த மக்களிடையே அப்படிச் சொல்வது எளிதா? சர்ச்சில் சினந்தார். ஆயினும் 1942 மார்ச்சில் ஜெனரல் மக்கார்தர் வந்திறங்கினார். மே மாதம் பவளக் கடற்போரில் அமெரிக்கர் 'லெக்சிங்டன்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலை இழந்தனர். போர்ட் மோர்ஸ்பியைக் கைப்பற்ற வந்த ஜப்பானியப் படை திரும்பிச் சென்றது. கர்ட்டினோ போர் முடியுமுன்பே, 1945 ஜூலையில் காலமானார்.

விருந்தினரோடு மனத்தாங்கலும் இருந்தது. அமெரிக்க வீரருக்கு ஊதியம் மிகுதி. உள்ளூர் வீரருக்கோ அது கண்ணில் விழுந்த தூசி. 1942 நவம்பரில் பிரிஸ்பேன் தெருக்களில் இரு தரப்பினரும் மோதினர். ஆஸ்திரேலியர் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். பன்னிரண்டே ஆண்டுகளில் அதே மக்கள் தம் கைப்பணத்தைக் கொடுத்து இத்தூணை எழுப்பினர் என்பதை எண்ணியபோதுதான் என் மதிப்பு உயர்ந்தது.

சிங்கப்பூரின் வீழ்ச்சி எங்கள் வீட்டிற்கும் உரிய செய்தி. என் பாட்டனாரின் தம்பி மலேயா ரப்பர்த் தோட்டத்திற்குப் பிழைக்கப் போனவர். சயாம் இரயில் பாதைக்கு ஜப்பானியர் கொண்டுசென்ற பல்லாயிரம் தமிழருள் அவரும் ஒருவர் என்பார்கள். சிறைப்பட்ட ஆஸ்திரேலியரும் அக்காட்டில்தான் உழைத்து மாண்டனர். கழுகின் நிழல் விழுந்த இடத்தில் நின்று, அவர் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொன்னேன். இளைஞன், "யார் சாமி அது?" என்றான். வண்டியில் ஏறிய பின் சொல்லத் தொடங்கினேன்.