மஞ்சள் அட்டை

ஆப்பிரிக்கக் காட்டு உலாவைச் 'சஃபாரி' என்கிறார்கள். சுவாஹிலி மொழியில் அதற்குப் பயணம் என்பதே பொருள். நம் இல்லங்களில் புழங்கும் 'சபர்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது அது. 1331-இல் கில்வாத் துறைமுகத்தைக் கண்ட இப்னு பதூதா, பின்னாளில் நம் மதுரைக்கும் வந்தார். அக்கண்டம் நமக்கு முற்றிலும் அந்நியமன்று.

திட்டக்குடி வெள்ளாற்றங்கரையை விட்டு அதிகம் நகராத என் மைத்துனரை, ஓர் ஆகஸ்டு மாதத்தில் கென்யாவின் மசாய் மாராவுக்கு அழைத்துச் சென்றேன். முன்னரே ஒருமுறை போய் வந்தவன் என்பதால் ஏற்பாடுகள் யாவும் என் பொறுப்பாயின.

அறிந்த வரையில் அனைத்தையும் அவருக்குச் சொல்லியிருந்தேன். விடியற்காலைக் குளிருக்குக் கம்பளிச் சட்டை வேண்டும். கருநீல ஆடை செட்சி ஈக்களை ஈர்க்கும். மண்ணிற ஆடையே நலம். சிறு விமானங்களில் பெரும்பாலும் 15 கிலோவுக்கு மேல் ஏற்றமாட்டார்கள்; அதுவும் மென்மையான பையாக இருத்தல் வேண்டும். 2017 முதல் பிளாஸ்டிக் பைகளுக்கு அங்கே தடை. மலேரியா மாத்திரையைப் புறப்படுமுன்பே தொடங்க வேண்டும். சிங்கம் எத்துணை அமைதியாகப் படுத்திருந்தாலும் வண்டியை விட்டு இறங்கலாகாது. மசாய் மக்களை இசைவு பெறாமல் படமெடுப்பது பண்பன்று.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. எனக்கு அது முன்னரே போடப்பட்டிருந்தது. 2016 முதல் அச்சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும் என்பதால், அதை நான் நினைக்கவேயில்லை. இந்தியாவிலிருந்து நேரே சென்ற எங்களிடம் கென்யாவிலும் எவரும் அதைக் கேட்கவில்லை.

திரும்பி வந்த புதன்கிழமை விமான நிலையத்தில் கேட்டார்கள். நான் மஞ்சள் அட்டையை நீட்டினேன். மைத்துனரிடம் அது இல்லை. ஆறு நாள் தனிமையில் இருக்கவேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகளுக்கு நிக்காஹ்!

விதியைக் குறை சொல்ல இயலாது. மஞ்சள் காய்ச்சல் நம் நாட்டில் இல்லை. ஆனால் அதைப் பரப்பவல்ல ஏடிஸ் கொசு இங்கே ஏராளமாக உண்டு. ஒருவர் உடலில் வரும் கிருமி ஊரையே வருத்தக்கூடும்.

சனிக்கிழமை இரவு தொலைபேசியில் அழைத்தார். "மச்சான், தம்பிக்கு வக்காலத்துக் கொடுத்துவிட்டேன். நிக்காஹ் நிற்கவேண்டாம். பிள்ளையை மட்டும் அழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். பந்தலில் தந்தை அமரவேண்டிய இடத்தில் அவர் தம்பி அமர்ந்தார். அந்தப் பெண் அழவில்லை. நான்தான் சமையற்கட்டுப் பக்கம் ஒதுங்கி நின்றேன்.

இன்றுவரை அவர் என்னைக் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. அந்தப் பொறுமையே என்னை இதை எழுத வைத்தது.

ஆகவே, சபர் செல்லும் அன்பர்களே! பயணத்துக்குப் பத்து நாட்களுக்கு முன்பேனும் அரசு அங்கீகரித்த நிலையத்தில் இவ்வூசியைப் போட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழ் பத்தாம் நாளிலிருந்தே செல்லும். சென்னைக் கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் இதைப் போடுகிறார்கள். 60 வயது கடந்தவர்களும், கருவுற்ற பெண்களும், முட்டை ஒவ்வாதவர்களும் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்க. அட்டையைக் கடவுச்சீட்டோடு சேர்த்து வையுங்கள். முன்னரே சென்று வந்தவர்களோ, தாம் அறிந்ததைப் பிறரும் அறிவர் என்று எண்ணிவிடாதீர்கள்.