நாடு விட்டு நாடு

கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா? காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏறிவிட்டால் குண்டூர் நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று மொத்தம் 14 நாடுகள்! பயந்துவிடாதீர்கள். ராஜாவும் இல்லை, ராணுவமும் இல்லை. சில சிற்றூர்கள் சேர்ந்தால் அங்கே ஒரு நாடு. ஒரு நாட்டில் காப்பி குடித்துவிட்டு அடுத்த நாட்டுக்கு நடந்தே போய்விடலாம்.

இதே வேடிக்கையை ஐரோப்பாவிலும் ஓர் இடத்தில் பார்க்கலாம். ஜெனீவா ரயில் நிலையத்திலிருந்து டிராம் வண்டியில் ஏறினால் அரை மணிக்குள் ‘செர்ன்’ வாசலில் இறக்கிவிடும். 1954-ல் தோன்றிய இந்தப் பௌதிக ஆராய்ச்சிக்கூடம் ஸ்விட்சர்லாந்து, பிரான்ஸ் இரண்டிலும் கால் வைத்திருக்கிறது. பூமிக்கடியில் சுமார் 100 மீட்டர் ஆழத்தில், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்துக்குள் அணுவினும் சிறிய துகள்களை மோதவிட்டு ஆராய்கிறார்கள். பிரான்ஸில் தூங்கி எழுந்து ஸ்விட்சர்லாந்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் இங்கே ஏராளம்.

உள்ளே போனால் நம்மை வரவேற்பவர் யார் தெரியுமா? சாட்சாத் நடராஜப் பெருமான்! இந்திய அரசாங்கம் அன்பளிப்பாகக் கொடுத்த இரண்டு மீட்டர் உயரச் சிலை 2004-ஆம் ஆண்டு ஜூன் மாதம் திறந்து வைக்கப்பட்டது. தூரதேசத்தில் நம்மவர் ஒருவர் நிற்பதைப் பார்த்ததும் மனசுக்குத் தெம்பாகத்தான் இருக்கிறது.

பார்த்துவிட்டுத் திரும்புவது சுலபம். மாதக்கணக்கில் தங்கி ஆராய்ச்சி செய்வதற்குத்தான் முன்னேற்பாடு வேண்டும். உங்கள் பெண்ணோ மருமகளோ பௌதிகம் படிக்கிறாளா? அப்படியானால் மேலே படியுங்கள்.

முதல் விஷயம்: கெட்டிக்காரி என்பதற்காக மட்டும் யாரும் தனியாகப் போய்ச் சேர்ந்துவிட முடியாது. அங்கே நடக்கும் பரிசோதனைகளில் பங்குபெற்ற ஒரு கல்வி நிலையத்தின் மூலமாகவே ஆராய்ச்சியாளர்கள் போகிறார்கள். பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையம், சென்னை ஐ.ஐ.டி. போன்றவை அவற்றில் சேர்ந்தவை. அந்தக் குழுவின் தலைவர் பெயரைக் கொடுத்துக் கையெழுத்திட வேண்டும். சம்பளமும் செலவும் அனுப்புகிற நிலையத்தின் பொறுப்பு.

இன்னொரு வாசலும் உண்டு. 2017 ஜனவரியில் இந்தியா செர்னின் இணை உறுப்பு நாடானது. அது முதல் நம் மாணவர்கள் செர்னே உதவித்தொகை தரும் திட்டங்களுக்கு மனுச் செய்யலாம். கோடைகால மாணவர் திட்டத்தில் சில வாரங்கள். தொழில்நுட்ப மாணவர் திட்டத்தில் நாலு மாதம் முதல் ஒரு வருஷம் வரை. என்ஜினீயரிங், கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கும் இடம் உண்டு.

மூன்று மாதத்துக்குமேல் தங்குவதானால் சாதாரணச் சுற்றுலா விசா உதவாது. நீண்ட நாள் விசாவைப் புறப்படுமுன்பே வாங்கிவிட வேண்டும். மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம். வந்த புதிதில் ஆராய்ச்சிக்கூடத்தின் விடுதியிலேயே தங்கலாம். பிறகு வீடு பார்க்க வேண்டும். ஜெனீவாவில் வாடகை மயக்கம் வரவழைக்கும்! அதனால் பலர் எல்லைக்கு அப்பால் பிரெஞ்சுக் கிராமங்களில் குடியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைப்பு. அரிசி பருப்பைச் சனிக்கிழமையே வாங்கி வைப்பது நல்லது.

மூட்டை கட்டும் அம்மாமார்களுக்கு ஒரு வார்த்தை. சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி தாராளமாகக் கட்டிக் கொடுங்கள். நெய்யும் பால்கோவாவும் வேண்டாம். பால் பண்டங்களைச் சுங்கத்தில் எடுத்துக் கொண்டுவிடுவார்கள்.

ஆனால், இவை எல்லாவற்றையும்விடப் பெரிய எல்லை ஒன்று உண்டு. அது நம் வீட்டு வாசற்படி. “ஆறு மாசமா? குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? கல்யாணம் தள்ளிப்போகாதா?” என்ற கேள்விகளுக்கு எந்தத் தூதராலயமும் பதில் சொல்லாது. மாமியார் ஒருவர், “நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய் வா” என்று சொன்னால், விசாவில் விழும் முத்திரைக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

குண்டூர் நாட்டுப் பள்ளிக்கூடத்தில் இன்று கணக்குப் போடுகிற சிறுமிக்கும் வழி இதுதான். மலையிலிருந்து இறங்கினால் கல்லூரி. அங்கிருந்து இப்படிப்பட்ட ஒரு குழு உள்ள ஆராய்ச்சி நிலையம். அதன் பிறகே ஜெனீவா. பல வருஷப் பிரயாணந்தான். அவளிடம் இப்போதே சொல்லி வைக்க வேண்டியது ஒன்றுதான்: நாடு விட்டு நாடு போவது உன் மலைக்குப் புதிதல்ல, அம்மா!